ஓரத்தில் ஒரு ‘த’

கோயமுத்தூர் டாக்டர் ஒரு எண் கேட்டிருக்கிறார்.
“மொத்தம் எத்தனை தடவை தலையில் அடி?”
கலாமணிக்குத் தெரியவில்லை.
திருமூர்த்தியைக் கேட்டால்
மூன்று என்கிறான், பிறகு
சாப்பிட்டாச்சா என்கிறான்.
அதனால் பஸ் ஏறி
என்னிடம் வந்திருக்கிறாள்.
“நீங்கதானுங்களே கணக்கு எழுதுனீங்க.”

எழுதினேன்.
பகலில் ரேஷன் கடையில் எடை போடுகிறவன்,
கணக்கில் குறை வராது என்று பேர்.
பதினொரு வருஷம். கணியூர், கொழுமம், பெதப்பம்பட்டி,
நோம்பி முடிந்த மறுநாள் போடும் கபடி மேட்ச் எல்லாம்.
டியூப் லைட் கட்டிய மூங்கிலுக்குக் கீழே
மடக்கு மேசை, இரண்டு பேனா.
ரெய்டு நீலம். பிடி சிவப்பு.
அவன் இடது கார்னர்.
நோட்டில் அவன் வரிசை முழுக்கச் சிவப்பு.

கணுக்காலுக்கு அவன் பாய்கிறபோது
கைக்கு முன்னால் தலை போகும்.
பாடி வந்தவன் உதறும் முழங்கால்
எங்கே படும் என்று
பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும்.
குலை இறக்கும்போது தனியாக நழுவிய தேங்காய்
ஈர மண்ணில் விழுமே,
அந்தச் சத்தம்.
அதற்குள் விசில் ஊதிவிடும். ஒரு பாயிண்ட்.
சத்தத்துக்கு நோட்டில் கட்டம் கிடையாது.

“கட்டமே இல்லீங்க” என்றேன்.
அவள் போகவில்லை.
ஃபேன் காற்றில் படபடக்கும் ஸ்கேன் கவரை
முழங்காலோடு அமுக்கிப் பிடித்தபடி சொன்னாள்:
ரேஷன் கார்டைக் கோழிக் கூண்டுக்குள் வைத்ததை,
மோட்டார் ரூமுக்குப் போனவன்
வாய்க்கால் மேட்டில் நின்று
வீடு எந்தப் பக்கம் என்று போன் பண்ணியதை,
சின்னவனை அடித்ததை.
“அடிக்கிற ஆளில்லீங்க. உங்களுக்கே தெரியும்.”
நாற்பத்து மூன்று வயசு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
எதிரணி சண்டைக்கு வராமலிருக்க
ஆட்டம் நின்ற நேரங்களை ஓரத்தில் குறித்து வைப்பேன்.
கரண்ட் போனால் ‘க’.
நாய் குறுக்கே ஓடினால் ‘நா’.
ஆள் விழுந்து, முகத்தில் தண்ணீர் அடித்தால் ‘த’,
பக்கத்தில் பனியன் நம்பர்.
த என்றால் தண்ணீர். அன்றைக்கு அவ்வளவுதான்.

பரணிலிருந்து பதினாறு நோட்டு இறக்கினோம்.
இரண்டைக் கரையான் தின்றிருந்தது.
அவள் விரல் வைத்துக்கொண்டே வர நான் எண்ணினேன்.
த 4. த 4. த 7, அது வேறொருத்தன். த 4.
ஒரே ராத்திரியில் மூன்று, தாராபுரத்தில்.

அந்த ராத்திரியை எனக்கு நன்றாகத் தெரியும்.
மூன்றாவது தண்ணீருக்குப் பிறகு எழுந்தவன்
நேராக எதிரணி பெஞ்சில் போய் உட்கார்ந்து
துண்டு கேட்டான்.
கூட்டம் சிரித்தது.
“மாப்ள கட்சி மாறிட்டாப்ல” என்றது மைக்.
நானும் சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே பேனாவை மாற்றி
அடுத்த பிடிக்கு
அவனுக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டேன்.
பைனல் ஜெயித்தோம். கப்போடு ஒரு கிடாய்.

நின்ற நேரமும் எழுதியிருந்தேன்:
ஒரு நிமிஷம். ஒன்றரை. ஒரு நிமிஷம்.
இரண்டு நிமிஷத்துக்கு மேல் அவனுக்காக
யாரும் காத்திருந்ததாக
எந்தப் பக்கத்திலும் இல்லை.

முப்பத்தேழு.
நினைவு தப்பி விழுந்தது மட்டும்.
விழாமல் தலையை உதறிக்கொண்டு நின்றதற்கு
ஓரத்திலும் எழுத்தில்லை.
சாயங்காலப் பயிற்சிக்கு நோட்டே இல்லை.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்:
முப்பத்தேழு, இதற்குக் குறையாது.
கையெழுத்து வேணுமா என்று
எதற்கோ கேட்டேன்.
போட்டேன். கீழே ஸ்கோரர் என்றும் எழுதினேன்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவன் போன்.
ஸ்பீக்கரில் போட்டாள்.
“யாரு கூட இருக்கற?”
“ஸ்கோர் எழுதுவாருங்கல்ல, அவரு.”
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு தெளிவாக,
அந்தக் காலக் குரலில்:
“எத்தனைக்கு எத்தனைன்னு கேளு.”